காவடி வீடியோ லேப்டாப்பில் வெளுத்துத் தெரிவது

ஐபோனில் எடுத்த காவடி வீடியோ லேப்டாப்பில் வெளுத்துத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். வீடியோ கெடவில்லை, பிளேயரை மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் எம்பிவி (mpv) பிளேயரில் திறந்தால், பினாங்கு தண்ணீர்மலை தைப்பூசத்தில் நீங்கள் எடுத்த காவடிகளின் மஞ்சள் திரும்ப வந்துவிடும்.

உங்கள் ஐபோன் 13, நாம் அணைக்காதவரை எச்டிஆரில்தான் (HDR, வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதிவாகும் முறை) பதிவு செய்யும். அதிலுள்ள பிடி.2020 (BT.2020) என்ற விரிந்த நிற வரம்பின் நிறங்களை இப்போதைய பிளேயர் மாற்றாமல் சாதாரணத் திரைக்கு அப்படியே தள்ளுகிறது போல. அதான் படம் முழுக்கத் திருநீறு பூசினாற்போல் இருக்கிறது.

எதற்கும் சோதித்துப் பாருங்கள்: எம்பிவியில் வீடியோ ஓடும்போது ஆங்கில ஐ (i) விசையைத் தட்டினால் விவரம் வரும். அதில் எச்எல்ஜி (HLG, எச்டிஆரில் ஒரு வகை), பிடி.2020 என்றிருந்தால் காரணம் இதுவேதான்.

ஒன்று, விளக்குகளின் பளபளப்பு போனில் பார்த்த அளவுக்கு வராது. சாதாரணத் திரைக்கு அவ்வளவு வெளிச்சம் கிடையாது. அடுத்த வருஷம் கேமரா செட்டிங்கில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு மலையேறுங்கள்.