யுரேகாவைத் தாண்டி ஆர்க்கிமிடீஸ்

அண்ணா வணக்கம். நான் பத்தாவதுக்கு கணக்கு எடுக்கிறேன். ஆர்க்கிமிடீஸ்னு சொன்னாலே பசங்க யுரேகான்னு கத்துறாங்க, அதோட முடிஞ்சிடுது. அந்தக் குளியல் கதை நிஜமா? அவரைப் பத்தி வேற என்ன சொல்லலாம்?
— ஒரு வாசகி

வணக்கம் டீச்சர்,

ராஜாவோட தங்கக் கிரீடத்துல வெள்ளி கலந்திருக்கான்னு யோசிச்சிட்டிருந்த ஆர்க்கிமிடீஸ், குளிக்க இறங்கினப்போ தண்ணி வழியுறதைப் பாத்து, கிரீடம் விலக்குற தண்ணியை அளந்தாப் போதும்னு புரிஞ்சு யுரேகான்னு கத்தினார்ங்கிறதுதான் கதை. நமக்குக் கிடைச்ச அவரோட நூல் எதுலயும் அது இல்ல. அவர் கி.மு. 212ல செத்து ரெண்டு நூற்றாண்டு போல கழிச்சு விட்ருவியஸ்ங்கிற ரோமானியர் எழுதினது. கணக்குப் போட்டுப் பாருங்க, 1 கிலோ கிரீடத்துல 300 கிராம் வெள்ளி கலந்திருந்தாக்கூட சுத்தத் தங்கத்தை விட சுமார் 13 மில்லி தண்ணிதான் கூட விலகும், 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்துல அது அரை மில்லிமீட்டர் உயரம்கூட வராது. 1586ல 22 வயசு கலிலியோவே இந்த முறை ரொம்ப தோராயம், தராசுல கட்டி தண்ணிக்குள்ள வச்சு எடை போட்டிருப்பார்னு எழுதினார். தண்ணில முங்கின பொருள் விலக்கின தண்ணியோட எடை அளவுக்கு லேசாகும்னு ஆர்க்கிமிடீஸே நிரூபிச்சிருக்காரே, அதை வச்சுதான்.

ஆனா என்னைக் கேட்டா அவர்கிட்ட பெரிய விஷயம் வேற. சிசிலித் தீவு சிரக்யூஸ்ல இருந்து எகிப்து அலெக்ஸாண்ட்ரியாவுல இருந்த எரடோஸ்தனிஸ்ங்கிற அறிஞருக்கு அவர் எழுதின ஒரு நூல். மத்த நூல்கள்ல நிரூபணம் மட்டும்தான் இருக்கும், எப்படித் தோணுச்சுன்னே தெரியாது. இதுல அதைத் தெறந்து காட்டுறார். கோளத்தை மெல்லிசு மெல்லிசா சீவி, ஒவ்வொரு சீவலையும் மனசுக்குள்ளயே ஒரு தராசுல தொங்கவிட்டு, எது எதோட சமனாகுதுன்னு பாத்து, கோளம் தன்னைச் சுத்தி இருக்கிற உருளைல மூணுல ரெண்டு பங்குன்னு கண்டுபிடிக்கிறார். உடனே சொல்றார், இது நிரூபணம் ஆகாது, தனியா ஜியோமெட்ரி வச்சு நிரூபிக்கணும், ஆனா விடை முன்னாடியே தெரிஞ்சா நிரூபிக்கிறது சுலபம்னு. கூம்பு உருளைல மூணுல ஒண்ணுன்னு நிரூபிச்சது அவருக்கு முன்னாடி வாழ்ந்த கிரேக்க கணித அறிஞர் யூடாக்ஸஸ், ஆனா நிரூபணமில்லாம முதல்ல சொன்ன கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிட்டஸுக்கும் பெரிய பங்கு குடுக்கணும்னு எழுதுறார் பாருங்க, எனக்கு அந்த இடத்துல அவர்மேல மரியாதை இன்னும் கூடுது.

அந்த நூல் பிழைச்சதே பெரிய விஷயம். 10ஆம் நூற்றாண்டுல தோல்ல எடுத்த ஒரு பிரதி, 1229ல அந்த எழுத்தைச் சுரண்டிட்டு மேல பிரார்த்தனைகளை எழுதிட்டாங்க. 1906ல கான்ஸ்டான்டிநோபிள்ல (இப்போ இஸ்தான்புல்) டென்மார்க்காரர் ஹைபெர்க் பூதக்கண்ணாடி வச்சு அடியெழுத்தைப் படிச்சார். 1998ல நியூயார்க்ல 20 லட்சம் டாலருக்கு ஏலம் போய், அப்புறம் மை-ல இருந்த இரும்பை எக்ஸ்ரேல பிடிச்சு மிச்சத்தையும் படிச்சாங்க. 17ஆம் நூற்றாண்டுல கால்குலஸை, அதாவது இதே மாதிரி மெல்லிசா சீவிக் கூட்டுற கணக்கை, உருவாக்கினவங்க கைக்கு இது போகவே இல்லங்கிறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

உங்க வகுப்புல கன அளவுப் பாடம் வரும்ல, ஒரே அடி ஒரே உயரத்துல கூம்பும் உருளையும் அட்டைல செஞ்சு மணல் அளக்கச் சொல்லுங்க. மூணு தடவைல நிரம்பும். அப்போ டெமாக்ரிட்டஸ் பேரை எடுங்க, இப்போ இது நிரூபணமான்னு கேளுங்க. பசங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.