‘நடக்கிறதுக்கு எதுக்கும்மா பிளானிங்?’

கேள்வி: சிவில் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு மேம்பால ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன், அக்கா. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, நாங்கள் கட்டுவதெல்லாம் யாருக்கு என்று தோன்றுகிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் சாலையைத் திட்டமிடும் வேலை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு என்ன படிக்க வேண்டும்? இங்கே வேலை கிடைக்குமா, வெளிநாடு போனால்தான் உண்டா? அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ‘நடக்கிறதுக்கு எதுக்கும்மா பிளானிங்?’ என்று சிரிக்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இந்தத் துறைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் கல்யாண வீடுகளில் என் வேலை என்னவென்று சொல்லி முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். ‘பிளாட்ஃபாரம் போடுறவ’ என்று என் மாமியார் ஒரே வரியில் முடித்துவிடுவார். அது தப்பும் இல்லை. அதனால் உங்கள் அப்பா சிரித்தால் சிரிக்கட்டும். அவரிடம் நமக்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு வருடம் சைட்டில் இருந்ததை வீணாகப் போனது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்ததே அதுதான். நான் முதலில் வரைந்த தெரு ஒரு நடுத்தர ஊரின் கடைவீதி. தாளில் இரண்டு மீட்டர் நடைபாதை, வரிசையாக மரம், உட்கார பெஞ்ச். வேலை முடிந்த பிறகு ஆசையாகப் போய்ப் பார்த்தேன். நடைபாதையின் நட்டநடுவில் ஒரு மின்சார பில்லர் பாக்ஸ். அதைச் சுற்றி பேவர் பிளாக்கை அளவெடுத்து வெட்டி அழகாகப் பதித்திருந்தார்கள். மிச்சம் இருந்த வழி இரண்டடிகூட இல்லை. தலையில் பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா அந்த இடம் வந்ததும் யோசிக்காமல் சாலையில் இறங்கினார், பெட்டியைத் தாண்டினார், மறுபடி ஏறினார். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அந்தப் பெட்டி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. எங்கள் சர்வேயில்தான் இல்லை.

இந்த வேலையில் பாதி இதுதான். மழைநீர் வடிகால் எந்த மட்டத்தில் போகிறது, மேன்ஹோல் மூடி எங்கே வரும், டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தும் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா, நடைபாதை விளிம்பில் பதிக்கும் கெர்ப் கல் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தெரியாமல் நல்ல நடைபாதை வராது. நகரமைப்பு படித்துவிட்டு நேராக வருபவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். உங்களுக்கு இப்போதே தெரியும்.

அளவுகளும் ஒன்றும் ரகசியம் இல்லை. நடைபாதைக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்து கடக்கும் அளவு. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. நம் ஊரில் ஓரடி உயரத்தில் கட்டிவிட்டு, முட்டிவலிக்காரர்கள் ஏன் அதில் ஏறுவதில்லை என்று ஆச்சரியப்படுகிறோம்.

வீட்டு கேட், கடை வாசல் வரும் இடங்களில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். கார் உள்ளே போக வேண்டுமென்று நடைபாதையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். பத்து கேட் இருந்தால் பத்து முறை இறங்கி ஏற வேண்டும். சரியான முறை என்னவென்றால் நடைபாதை அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும். கெர்பை ஒட்டி மரம், விளக்குக்கம்பம் வரும் பட்டையிலேயே சின்னச் சரிவு கொடுத்துவிட்டால் கார் அதில் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போகும். ஏறி இறங்க வேண்டியது கார்தான். நேர்முகத் தேர்வுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி இது. சரியாக வரைந்து காட்டுபவர்கள் குறைவு.

சரி, படிப்புக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். அல்லது எம்.இ.: உங்கள் ஊர் என்.ஐ.டி.யிலேயே இருக்கிறது, கிண்டியிலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் இருக்கிறது. இன்னொன்று எம்.பிளான், அதாவது திட்டமிடலில் முதுநிலைப் படிப்பு: அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட். சிவில் படித்தவர்களும் எம்.பிளான் சேரலாம். எங்கே போவதாக இருந்தாலும் ‘கேட்’ நுழைவுத் தேர்வு மதிப்பெண் கைகொடுக்கும். என்னைக் கேட்டால் நீங்கள் எம்.பிளான் பக்கம் போங்கள். வாகனத்தை எண்ணி, சிக்னல் நேரத்தைக் கணக்கிடும் பாடத்தை எம்.டெக். நன்றாகவே சொல்லித்தரும். ஆனால் தெருவோரக் கடை, நில உபயோகம், யார் எதற்காக எங்கே நடக்கிறார்கள் என்பதை யோசிக்கும் பழக்கம் எம்.பிளானில்தான் வரும். உங்களிடம் இல்லாதது அதுதான். க்யூஜிஐஎஸ் என்பது வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள், அதை இப்போதே தொடங்கிவிடலாம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ‘நடை மற்றும் சைக்கிள் திட்டமிடுநர்’ என்ற பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம். விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், ஐ.டி.டி.பி. இந்தியா போன்ற தொண்டு நிறுவனங்கள், சென்னையில் ‘கும்டா’ எனப்படும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் என்று இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. பொலிவுறு நகரத் திட்டம் ஓடிய வருடங்களில் வேலை தாராளமாகக் கிடைத்தது. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த அகலமான நடைபாதை அந்தக் காலத்து வரவுதான். 2025 மார்ச்சில் பொலிவுறு நகரத் திட்டம் முடிந்துவிட்டது, கூடவே பல ஒப்பந்த வேலைகளும் போயின. தொடக்கச் சம்பளம் இப்போது சைட்டில் வாங்குவதைவிடக் குறைந்தாலும் அதிர்ச்சியடையாதீர்கள்.

யாரும் சொல்லாத ஒரு வழி, மாநகராட்சி அல்லது நகராட்சியில் உதவிப் பொறியாளர் ஆவது. ‘அங்கே போனால் டிச்சும் டெண்டருமாகவே காலம் போய்விடும்’ என்பார்கள். ஆனால் நடைபாதை 1.8 மீட்டரா ஒரு மீட்டரா என்று கடைசியில் முடிவாவது அந்த மேசையில்தான். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அதைத் தெருவில் இறக்கிவைக்க ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு ஆள் வேண்டாமா? எம்.பிளான் முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. மூலம் நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பணிக்கும் முயலலாம்.

சைக்கிள் பற்றிக் கேட்டீர்கள். தனிப் பாதை போட்ட பல இடங்களில் மறுவாரமே டூவீலர் நிறுத்தம் முளைத்துவிடுகிறது. டெல்லியில் 2008-ல் தொடங்கிய, பேருந்துக்கென ஒதுக்கிய தனித் தடத்தில் சைக்கிளுக்குத் தனி வழியும் இருந்தது. கார்காரர்களின் கூச்சல் ஓயவே இல்லை, 2016-ல் மொத்தத் தடத்தையும் இடித்தார்கள். வண்ணம் பூசிய பாதையைவிட, வாகன வேகத்தைக் குறைப்பதிலும் சந்திப்புகளைச் சரிசெய்வதிலும்தான் எனக்கு நம்பிக்கை. இதில் நீங்கள் தனித்து நிற்க விரும்பினால் பள்ளி வழித்தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடாவருடம் அரசு லட்சக்கணக்கில் சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளைகள் லாரிக்கு நடுவில்தான் அதை ஓட்டிப் போகிறார்கள்.

வெளிநாட்டுப் படிப்பை நான் தடுக்க மாட்டேன், அவசரமில்லை என்பேன். சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தின் கையேட்டில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி கிடையாது. தேர் ஓடும் வீதியில் நடுவே மீடியன் போட முடியாது, குறுக்கே கம்பி போக முடியாது, கோலம் போடும் வாசல் வேறு. அதை முதலில் இங்கே கற்றுக்கொண்டு அப்புறம் போனால் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

இப்போது அப்பாவுக்கான வேலை. ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மெயின்கார்டு கேட் வழியாகத் தெப்பக்குளம் வரை நடந்து பாருங்கள். கையில் ஐந்து மீட்டர் டேப், ஒரு நோட்டு. நடைபாதையை விட்டு எத்தனை முறை இறங்கினீர்கள், எதனால் என்று குறித்துக்கொள்ளுங்கள்: பெட்டியா, பைக்கா, கடையா, உயரமா. ஓரிடத்தில் நின்று கால் மணி நேரம் எத்தனை பேர் எங்கே குறுக்கே கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எங்கே நின்று எண்ணுவது என்பதை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். ஸ்டியரிங் பிடித்தவருக்கு எந்த முனையில் ஆள் குறுக்கே வருவார்கள் என்று கால் பிரேக்குக்குப் போகும்போதே தெரியும், எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் வீடியோ வேண்டும். நாடு முழுவதும் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1.68 லட்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். சிரிக்க மாட்டார்.

அந்த நோட்டை நான்கு பக்க அறிக்கையாக்கி, ஒரே ஒரு முனையை மட்டும் எப்படி மாற்றலாம் என்று அளவோடு வரைந்து, இந்த முகவரிக்கே அனுப்புங்கள். பில்லர் பாக்ஸை மறக்காமல் போடுங்கள்.