லொறியில தர்ற சாமான் நெஜமாவே இலவசமா?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். மாசத்துக்கு ஒருக்கா லொறியில வந்து கோயிலடியில அரிசி, மா, பருப்பு, சீனி, டின் மீன்னு ஒரு பொதி குடுக்கிறாங்க, கடை வெலைக்கு 3,000 ரூபா மாதிரி வரும். ஆனா வர்றது வேல நாள்ல, காலையில 10 மணிக்கு. கடையில 18,000 கடன் நிக்குது. நாத்தனார் வேற இது பிச்சன்னு பேசுறா, அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக் காசையும் வெட்டிருவாங்கன்னு சொல்றா. போறதா வேணாமா?

பதில்: பொதிய வாங்குங்க தங்கச்சி, ஆனா அதுக்காக பேர, அதாவது ஒரு நாள் வேலய, விட்டுட்டு நீங்க போய் நிக்காதீங்க.

கணக்க பாருங்களேன். ஒரு பேருக்கு 1,550, வேலைக்கு வந்ததுக்கு அரசாங்கம் குடுக்கிற 200, ஆக 1,750. அதோட முடியல, கம்பனி ஈபிஎப்புக்கு (சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎப்புக்கு (நம்பிக்கை நிதி) 3 வீதமும் உங்களுக்காக போடணும், 1,550க்கு அது 232 ரூபா 50 சதம், கையில காணாததால நம்ம ஆளுங்க இத கணக்குலயே எடுக்கிறதில்ல. எல்லாத்தயும் கூட்டினா லொறிக்கு நிக்கிற அன்னிக்கு கிட்டத்தட்ட 1,980 ரூபா போகுது. அப்ப அந்த பொதியில உங்களுக்கு மிச்சம் ஆயிரம் ரூபாதான், மழையில வேற நிக்கணும்.

மாமியார் இருந்தா அவங்கள அனுப்புங்க, இல்லாட்டி லயத்துல வேலைக்கு போகாத ஒருத்தர்கிட்ட அடையாள அட்டை கொப்பிய குடுத்து விடுங்க. வேற ஆள்கிட்ட குடுப்பாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க. அதவிட நல்லது, தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி ஞாயித்துக்கெழம வரச் சொல்றது, இல்லாட்டி கொழுந்து நிறுத்து முடிஞ்ச பொறகு சாயங்காலம். வெளியூர்லருந்து வர்றவங்களுக்கு காலையில 10 மணின்னா ஒரு பேரு போயிரும்னு எப்படி தெரியும், நாமதான் சொல்லணும்.

அடுத்தது கடன் எழுதுற கடைக் கொப்பி, எனக்கு பெரிய கவல இதுதான். பொதி வந்த மாசமும் கொப்பியில வழக்கமா வர்ற அதே தொகைதான்னா அந்த 3,000 எங்க போச்சு? அரிசி இருக்குதானேன்னு பிஸ்கட், சோடான்னு வேற என்னத்தயாவது எழுதிட்டு வந்துருவோம், எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். அதனால பொதி வந்த அன்னிக்கே பிரிச்சு, 5 கிலோ அரிசி இருந்தா இந்த மாசம் கடையில 5 கிலோ கொறச்சு எழுதச் சொல்லுங்க, பருப்பு சீனிக்கும் அப்படித்தான். 10ஆம் திகதி சம்பளம் வந்தோன்ன அந்த மிச்சத்த பழைய 18,000ல கட்டி, உங்க முன்னாலயே கொப்பியில வெட்டச் சொல்லுங்க. பொதி ஒழுங்கா வந்தா, 3,000 படி ஆறு மாசத்துல கடன் முடிஞ்சிரும். அதுக்கு முன்னால அந்த காச நம்பி புதுசா சீட்டு கீட்டு சேர வேணாம்.

அஸ்வெசுமவுக்கு பாக்கிறது வீடு, சொத்து, வருமானம், படிப்பு, சுகாதாரம், குடும்ப நெலமன்னு அந்த மாதிரி விசயங்கள. மாசம் ஒரு அரிசிப் பொதி வாங்கினதுக்காக யாரும் வெட்ட மாட்டாங்க. நாத்தனாருக்கு நான் என்னத்த சொல்ல, கடைக்கார முதலாளி கடன கேட்டு வாசல்ல வந்து நின்னா அவங்களா குடுக்கப் போறாங்க?

ஒரு எச்சரிக்க. பேரு, அடையாள அட்டை நம்பர் கேட்டா குடுக்கலாம். பேங்க் புத்தகம், ஏடிஎம் கார்டு, போனுக்கு வர்ற ஓடிபி நம்பர், பதிவுக்காசுன்னு 500, 1,000, இதுல எத கேட்டாலும் திரும்பி வந்துருங்க. நிவாரணம் தர்றோம்னு வாட்ஸ்அப்ல வர்ற லிங்க்கயும் அமத்தாதீங்க.

வீட்டுல வயித்துப்புள்ளக்காரியோ எடை கொறஞ்ச சின்ன புள்ளயோ இருந்தா லொறிய பாத்துட்டு இருக்கத் தேவயில்ல, கிளினிக்ல திரிபோஷா சத்துமா சும்மாவே குடுக்கிறாங்க, மிட்வைப் மிஸ்கிட்ட கேளுங்க.