அம்மா செய்த நேர்ச்சை மகளைக் கட்டுமா?

இறை அழைத்தல் (துறவு வாழ்வுக்கான அழைப்பு): வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சிறு வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் கன்னியர் மடத்துக்குத் தருவதாக அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். இப்போது பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். போகாவிட்டால் பாவமா?

பதில்: பாவமில்லை. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1193). அம்மாவுக்கு மனம் உறுத்தினால் பங்குத்தந்தையைப் பார்க்கட்டும். தனிப்பட்ட நேர்ச்சைகளிலிருந்து தகுந்த காரணத்துக்காக விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கடும் அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ நவதுறவகத்தில் (துறவிகளின் தொடக்கப் பயிற்சி இல்லம்) சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது (எண் 643). ஆனால், அம்மா மேலுள்ள கோபத்தில் “போகவே மாட்டேன்” என்பதும் சுதந்திரமான முடிவல்ல. நேர்ச்சையை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் விருப்பம் என்ன என்று செபத்தில் பாருங்கள். எப்படி என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஆராதனையில் உட்கார்ந்து, “ஆண்டவரே, ஓர் அடையாளம் காட்டும்” என்று தினமும் கேட்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. கோயிலில் இருக்கும்போது சிஸ்டராக ஆசை வருகிறது. வீட்டுக்கு வந்தால் போய்விடுகிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் அடையாளம் கேட்பதை நிறுத்துங்கள். “நாளை பஸ்ஸில் ஒரு சிஸ்டரைப் பார்த்தால் போகிறேன்” என்று சிலர் பந்தயம் கட்டுவார்கள். நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் சிஸ்டர் ஏறாத நாள் ஏது?

ஆசை வந்துபோன பிறகு மனத்தில் என்ன தங்குகிறது என்பதுதான் கேள்வி. 1521இல் பம்ப்லோனா போரில் குண்டடிபட்டுப் படுத்திருந்த புனித இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்) இதைத்தான் கவனித்தார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச்செயல்களை நினைத்தாலும் இன்பம். புனிதர்களான அசிசியாரைப் போல, சாமிநாதரைப் போல வாழ்வதை நினைத்தாலும் இன்பம். முதல் நினைவு கலைந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது கலைந்த பின்னும் மகிழ்ச்சி நின்றது.

தினமும் ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். மாற்கு 10:17-22, யோவான் 1:35-39, 1 சாமுவேல் 3 போன்ற ஒரு பகுதியை எடுத்து, மூன்று நான்கு நாள் அதிலேயே இருங்கள். கடைசி ஐந்து நிமிடம் இயேசுவோடு பேசுங்கள். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, எந்த வரியில் மனம் நின்றது, எங்கே கசந்தது, எங்கே தூங்கி வழிந்தது என நான்கைந்து வரி எழுதுங்கள். “ஆண்டவர் சொன்னார்” என்று எழுத வேண்டாம். “எனக்கு இப்படி இருந்தது” போதும். ஆன்மிக வழிகாட்டி படித்துப் பாராட்ட வேண்டும் என்று எழுதினால் நோட்டுக்குப் பயனில்லை. இரண்டு மாதம் கழித்து மொத்தமாகப் படியுங்கள். ஒரு நாள் குறிப்பு எதையும் நிரூபிக்காது.

சில நாள் சிஸ்டராக முடிவெடுத்துவிட்டதாகவே வைத்துச் செபியுங்கள். அடுத்த சில நாள் திருமணமே முடிவு என்று வைத்துச் செபியுங்கள். பலரும் இரண்டாவதைச் செய்வதில்லை. ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தால் தராசு சாயத்தானே செய்யும்! வீட்டில் ஆசை மறைந்ததும் ஏக்கமா, “அப்பாடா” என்ற நிம்மதியா? நிம்மதி என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் சாட்சிதான்.

செபத்தில் வறட்சி வரும். அந்த நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியார் விதி. செபத்தைக் குறைக்காமல், குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார். அதேபோல் தியான முகாமின் கடைசி இரவில், பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது கையைத் தூக்கி வாக்குக் கொடுக்காதீர்கள். ஆர்வம் பொங்கும் வேளையில் அவசர வார்த்தைப்பாட்டைத் தடுக்கும்படி வழிகாட்டிகளுக்கு அவரே எழுதிவைத்திருக்கிறார்.

மனம் எந்தப் பக்கமும் அசையாமல் அமைதியாக இருந்தால், போவதன் நன்மை, தீமை, போகாததன் நன்மை, தீமை என நான்கு பத்தி போடுங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஆன்மிக வழிகாட்டியைப் பாருங்கள். ஆள் சேர்க்கும் பொறுப்பில் உள்ள சிஸ்டரையே வழிகாட்டியாகவும் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

கேள்வி: பொறியியல் முடித்துவிட்டேன். இயேசு சபையில் சேர ஆசை. கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. சேர்ந்த பிறகு சபை கட்டுமா?

பதில்: அப்படி எதிர்பார்க்காதீர்கள். அடைக்க முடியாத கடனுள்ளவரை நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம் (எண் 644). வேலைக்குப் போய் அடையுங்கள். அந்தக் காலத்திலும் மேலே சொன்ன செபத்தைத் தொடரலாம். இறை அழைத்தல் முகாமுக்குப் போகும்போது வங்கிக் கணக்கு விவரத்தை மறைக்காமல் காட்டிவிடுங்கள்.