ஓராண்டில் ஒரு காது சாகாத ஹெட்போன்: கேள்வி பதில்

நாள்தோறும் பயன்படுத்த, கைக்கடக்கமான விலையில், சில ஆண்டுகளாவது உழைக்கும் ஹெட்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சிறிய கடையில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், புதிதாகப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஹெட்போன்களைவிட, கெட்டுப்போன ஹெட்போன்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): ஐயா, ஆறு மாதத்துக்கு ஒரு இயர்போன் வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் மட்டும் நின்றுவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: விலையைக் கூட்டினால் ஒலி மேம்படக்கூடும்; ஆனால் வயர் அறுவது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் நின்றுபோன இயர்போனில் ஸ்பீக்கர் கெட்டிருப்பது அரிது. வயர்தான் அறுந்திருக்கும், அதுவும் ஜாக்கிலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள்ளோ, வயர் இரண்டாகப் பிரிகிற இடத்திலோ அறுந்திருக்கும். அந்த வயரைக் கீறிப் பார்த்தால் காரணம் விளங்கும். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள், ஒரு வெள்ளை நைலான் நூலோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். இழுவிசையைத் தாங்குவது அந்த நூல்தான். போனைச் சட்டைப்பையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் வயர் ஒரே இடத்தில் மடங்குவதால், செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிந்து, கடைசி இழையும் போகிற நாளில் "திடீரென்று நின்றுவிட்டது" என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். ஜாக்கின் கழுத்தில் உள்ள ரப்பர் உறை நீளமாகவும், விரலால் வளைத்தால் வில்லைப்போல் வளைவதாகவும் இருக்க வேண்டும். கல்லைப்போல் இறுகிய உறை அதன் விளிம்பிலேயே வயரை ஒடித்துவிடும். போனைப் பையில் வைத்துக் கேட்பவர்களுக்கு நேரான ஜாக்கைவிட எல் வடிவ ஜாக் நல்லது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வயரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலா என்பது. இயர்போன்களிலும் அப்படிப்பட்டவை இப்போது சில நூறு ரூபாய் விலையிலிருந்தே கிடைக்கின்றன. வயர் அறுந்தால் வயரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பணத்தை ஒலிக்கு முன்பு இந்த வசதிக்குக் கொடுங்கள் என்பேன்.

போனைச் சுற்றி வயரை இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், மிருதங்கம் பயிலும் மாணவர்): ஐயா, என் ஹெட்போனில் விசித்திரமான ஒரு கோளாறு. கச்சேரிப் பதிவைக் கேட்டால் பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடுகிறது. வயலினும் மிருதங்கமும் கேட்கின்றன. போன் கெட்டுவிட்டதா?

பதில்: போன் நன்றாகவே இருக்கிறது. ஹெட்போனின் பொது வயர், அதாவது இரண்டு பக்கத்துக்கும் கிரவுண்டாக இருக்கிற இழை, அறுந்திருக்கிறது. அது இருக்கும்வரை இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் தனித்தனியே இயங்கும். அது அறுந்ததும், இரண்டும் ஒன்றோடொன்று தொடராக இணைந்து, இரு பக்க ஒலிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் ஒலிக்கத் தொடங்குகின்றன. பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சம அளவில் வைத்தே பதிவு செய்வார்கள் என்பதால் அது கழிந்துபோகிறது. ஒரு பக்கம் சற்றுத் தூக்கலாக வைக்கப்பட்ட பக்கவாத்தியங்கள் மிஞ்சுகின்றன. மிருதங்கத்தை மட்டும் பிரித்துக் கேட்க இது வசதியாயிற்றே என்று ஒருவர் பழுதுபார்க்காமலேயே வாங்கிக்கொண்டு போனதும் உண்டு!

ஜாக்கை முழுவதும் செருகாவிட்டாலும், மைக்குக்கும் கிரவுண்டுக்குமான வளையங்கள் பழைய வரிசையில் அமைந்த மைக் ஜாக்கை இன்றைய போனில் செருகினாலும் இதே குறை வரும் என்பதால், முதலில் அவற்றைச் சரிபாருங்கள். பிந்தியது என்றால், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் குரல் திரும்பி வரும். வயர்தான் அறுந்திருக்கிறது என்றால் புது ஜாக் வைத்து ஈயம் பற்றவைத்துவிடலாம். நீங்களே செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வண்ண இழைகளின் மேல் எனாமல் பூச்சு இருப்பதால் ஈயம் எளிதில் ஒட்டாது. சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்துக்கொண்டு, இழையின் முனையை அதற்குள் சில நொடிகள் பிடித்தால், பூச்சு புகைந்து கருகி, செம்பு வெள்ளி நிறமாக மாறும். அதன் பிறகே பற்றவைக்க வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர், மென்பொருள் ஊழியர்): வயர் வைத்ததா, புளூடூத்தா? இயர்பட்ஸ், நெக்பேண்ட், காதை மூடும் பெரிய ஹெட்போன் ஆகிய மூன்றில் நீண்ட நாள் உழைப்பது எது?

பதில்: புளூடூத் கருவியில் வயர் அறுகிற கவலை இல்லை, அதற்குப் பதிலாக பேட்டரி தேய்கிறது. இவற்றில் இருக்கிற லித்தியம் பேட்டரி, சுமார் 300 முதல் 500 முழுச் சுற்று சார்ஜ் ஆனதும் பழைய திறனை இழக்கத் தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இயர்பட்ஸ் ஒவ்வொன்றிலும் உள்ள பேட்டரி ஐம்பது மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் இருக்கும். நான்கைந்து மணி நேரம் பாடும். அலுவலகக் கூட்டங்களுக்கும் பயணத்துக்கும் பயன்படுத்துகிறவர் நாளுக்கு ஒரு சுற்றைத் தீர்த்துவிடுவார். ஒன்றரை ஆண்டில் 500 ஆகிவிடும். கொட்டைப்பாக்கு அளவுள்ள பெட்டிக்குள் பசை போட்டு மூடியிருப்பதால், அதைத் திறந்து பேட்டரி மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாத வேலை. பேட்டரி நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கத்தைத் தொலைப்பவர்களும் ஏராளம்.

நெக்பேண்ட் ஒரு சார்ஜில் இருபது மணி நேரம் பாடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே உபயோகத்துக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்தால் போதும். ஆண்டுக்குத் தொண்ணூறு சுற்றுகளே ஆகின்றன. காதை மூடும் பெரிய ஹெட்போன் நாற்பது மணி நேரம் ஓடினால் சுற்றுகள் இன்னும் குறைந்து, பேட்டரி உபயோகத்தால் தேய்வதைவிட வயதாலும் வெப்பத்தாலும்தான் தேயும். பெரிய ஹெட்போனில் திருகாணி போட்ட மூடி இருந்தால் பேட்டரியையும் மாற்றலாம். பல பெரிய மாடல்களில் 3.5 மி.மீ. வயர் செருகும் துளையும் இருக்கும். பேட்டரி செத்த பிறகும் வயரோடு உயிர்வாழும் ஹெட்போனையே நான் வாங்குவேன். ஆனால் சில மாடல்களில் வயர் செருகினாலும் பேட்டரியில் சார்ஜ் இருந்தால்தான் ஒலி வரும். ஆகவே கடையிலேயே ஸ்விட்சை அணைத்துவிட்டு வயரைச் செருகிக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மூன்றுக்கும் என் வரிசை: பெரிய ஹெட்போன், நெக்பேண்ட், இயர்பட்ஸ். எதுவானாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி (சென்னை, நாள்தோறும் மாநகரப் பேருந்தில் செல்பவர்): சத்தத்தைக் குறைக்கும் ஏ.என்.சி. வசதிக்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தேவையா?

பதில்: அந்த வசதி, வெளிச் சத்தத்தை மைக்கால் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் கழிக்கிறது. எஞ்சின் உறுமல், மின்விசிறி, ஏ.சி. போன்ற தாழ்ந்த, சீரான சத்தங்களில் நன்றாக வேலை செய்யும். நம் சாலையில் காதைக் கிழிப்பது ஹாரனும், நடத்துநரின் விசிலும், பக்கத்து இருக்கைக்காரரின் ரீல்ஸும்தான். இவற்றுக்கு அது அவ்வளவாக உதவாது. மலிவான கருவிகளில் அந்த வசதி பெயருக்குத்தான் இருக்கும். காதுத் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற சிலிக்கோன் பட் இருந்தாலே சத்தம் கணிசமாகக் குறையும். பெட்டியில் வருகிற மூன்று அளவுகளையும் மாட்டிப் பாருங்கள். இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது இயல்பே. சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், இல்லத்தரசி): அண்ணா, என் ஹெட்போனின் குஷன் கருப்பாக உரிந்து காது, கழுத்தெல்லாம் ஒட்டுகிறது. போலிப் பொருளைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லையம்மா, அசல் பொருளிலும் இது நடக்கும். தோல்போலத் தெரியும் அந்த உறை, துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடுகின்றன. கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். குஷன் கழன்று வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதே அளவில் துணி அல்லது வெல்வெட் போன்ற உறையுள்ள குஷனை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்; அது உரியாது, வேர்ப்பதும் குறையும். குஷன் மாறினால் ஒலியும் கொஞ்சம் மாறும், பேஸ் சற்றுக் குறையலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (சேலம், தனியார் நிறுவன ஊழியர்): பெட்டியில் 50 மி.மீ. டிரைவர், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 32 ஓம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: முதல் இரண்டையும் படிக்காமலேயே விடலாம். டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் ஸ்பீக்கர், பெரிதாக இருப்பதால் ஒலி நன்றாகிவிடாது. 20 முதல் 20,000 என்ற அதிர்வெண் எல்லையை நூறு ரூபாய் இயர்போன் பெட்டியிலும் பார்க்கலாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஹெட்போனின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கு மட்டும் பயன்படும். போனில் கேட்பவர்களுக்கு 16 முதல் 32 ஓம் ஏற்றது. பெயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ என்ற ஒரே ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வருகிறது. ஸ்டுடியோவுக்கென்று உள்ள 250 ஓம் வகையைத் தள்ளுபடியில் கண்டு ஆசைப்பட்டு வாங்கிப் போனில் செருகினால், ஒலியை முழுவதும் கூட்டினாலும் முனகலாகவே கேட்கும்.

கேள்வி (மதுரை, பெற்றோர்): மகனுக்குப் பத்து வயது. இணையவழி வகுப்புக்கு ஹெட்போன் வேண்டும். எவ்வளவு சத்தம் வரை பாதுகாப்பானது?

பதில்: பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், இரண்டும் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது பெரியவருக்கே 83 என்றால் இருபது மணி, 86 என்றால் பத்து மணி, 89 என்றால் வாரத்துக்கு ஐந்து மணிதான். குழந்தைகளுக்கான ஹெட்போன்கள் பலவற்றில் உச்சவரம்பு 85 என்று போட்டிருப்பார்கள். அது நாள் முழுவதும் அந்த அளவில் கேட்கலாம் என்பதற்கான அனுமதியல்ல. போனின் அமைப்புகளில் ஒலியின் உச்ச அளவைக் குறைத்துப் பூட்டிவைக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். காதுக்குள் நுழைக்கும் இயர்போனைவிட, காதின் மேல் உட்காரும் இலகுவான வயர் ஹெட்போன் போதும். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வகுப்புக்கு மட்டம் போடவும் வழியிருக்காது.

கேள்வி (காரைக்குடி, ஆசிரியை): அப்பா இரவில் தொலைக்காட்சி பார்க்கிறார். புளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். வாய் முதலில் அசைகிறது, பேச்சு பிறகு வருகிறது என்று எரிச்சல்படுகிறார்.

பதில்: புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவது இயல்பு, போனில் செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சமாளிக்கின்றன, எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைச் செய்வதில்லை. பின்புறம் 3.5 மி.மீ. துளை இருந்தால் ஐந்து மீட்டர் நீட்டிப்பு வயரும் சாதாரண ஹெட்போனும் போதும். வயரைச் சுவரோரமாக ஓட்டிவிடுங்கள். இரவில் அவர் காலில் தட்டக் கூடாது.

கேள்வி (ஈரோடு, சிறு வணிகர்): கண்ணாடி போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் காது வலிக்கிறது.

பதில்: காதின் மேல் அழுத்தும் வகையைத் தவிர்த்து, காதை முழுவதும் சுற்றி உட்காரும், குஷன் மெத்தென்ற ஹெட்போனைத் தேடுங்கள். புதிது இறுக்கமாக இருந்தால், அதன் அகலமே உள்ள நோட்டுப் புத்தக அடுக்கின் மேல் ஓரிரு இரவு மாட்டிவையுங்கள். பட்டை கொஞ்சம் தளரும்.

கேள்வி (விழுப்புரம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): ஐயா, கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. கடைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் போனையும், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டையும் கொண்டுபோங்கள். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கேற்ற மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. சிப் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத மாற்றி பல போன்களில் ஊமையாகவே இருக்கும். பாட்டு ஓடும்போது ஜாக்கைத் துளைக்குள்ளேயே மெல்லச் சுழற்றுங்கள், வயரின் கழுத்தை நான்கு பக்கமும் வளையுங்கள், கரகரவென்றால் வைத்துவிடுங்கள். தலைப்பட்டையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் உலோகத் தகடு இருப்பதையே தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் அங்கேதான் விரிசல் விழும். பத்து நிமிடம் மாட்டியபடியே நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய மாடல் என்று ஒதுக்கவும் வேண்டாம். காஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984-இல் வந்தது. சோனியின் எம்டிஆர்-7506 1991-இல் வந்தது. இரண்டும் உங்கள் தொகைக்கு மேற்பட்டவைதான். ஆனாலும் இன்றுவரை அவை விற்பனையில் நீடிப்பதற்கு ஒலி மட்டுமல்லாமல், பஞ்சும் குஷனும் எப்போதும் தனியாகக் கிடைப்பதும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் விலையில் கிடைக்கிற மாடலுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: குஷன் தனியாகக் கிடைக்குமா, வயர் தனியாகக் கிடைக்குமா? இரண்டில் ஒன்றுக்காவது "கிடைக்கும்" என்று பதில் வந்தால் வாங்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக் காலத்துக்குள் அலைக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்தப் பில்தான் கையில் இருக்க வேண்டும். பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கடை வாசலிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.