கர்த்தர், ஆண்டவர், யேகோவா – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறு வேதபாட வகுப்பும், வாரநாளில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வேதவாசிப்பும் என் பொறுப்பு. பக்கத்துத் தெருவில் கூடும் ஒரு சிறு குழுவினர், “கர்த்தர் என்பது பட்டம்தான், பெயர் இல்லை. யேகோவா என்று பெயரைச் சொல்லாத ஜெபம் அவரிடம் போய்ச் சேராது” என்று எங்கள் பெண்களிடம் சொல்லிவருகிறார்கள். இன்னொருவர், “யேகோவா என்பதே தப்பு, யாவே என்பதுதான் சரி” என்கிறார். என் அம்மாவோ, “பெத்த அப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், கடவுளையா கூப்பிடுவோம்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மூன்று பேர் சொல்வதும் சரி போலவே படுகிறது. அடுத்த வாரம் வாசிக்கும்போது நான் வாயால் என்ன சொல்ல வேண்டும்?

எஸ்.,
நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

அடுத்த வாரத்துக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சில் என்ன இருக்கிறதோ அதையே வாசியுங்கள். கர்த்தர் என்றிருந்தால் கர்த்தர், யேகோவா என்றிருந்தால் யேகோவா. வாசிப்பின் நடுவே மாற்றாதீர்கள். விளக்கம் தேவைப்பட்டால் வாசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பெயரைப் பற்றி உங்கள் வகுப்புக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அந்தக் குழுவினர் பக்கம்தான் நான். பெயர் தெரியாமல் பழைய ஏற்பாட்டைப் படிப்பது பெரிய இழப்பு. அவர்களோடு நான் முரண்படுவது, உச்சரிப்பை ஜெபத்துக்கு நிபந்தனையாக்கும் இடத்தில்.

எபிரெய வேதாகமத்தில் அந்தப் பெயர் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. 6,800 தடவைக்கு மேல் வருகிறது. ‘கடவுள்’ என்று பொருள்படும் ஏலோஹீம் என்ற சொல்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல். யாத்திராகமம் 3:14இல் மோசே பெயர் கேட்கும்போது “இருக்கிறேன்” என்று தன்மையில் பதில் வருகிறது. அடுத்த வசனத்தில் அதே வினை படர்க்கை வடிவில் இந்த நான்கெழுத்தாக நிற்கிறது. “என்றைக்கும் இதுவே என் நாமம்” என்று முடிகிறது. எனவே கடவுளுக்குப் பெயரே இல்லை, எல்லாம் பட்டங்கள்தான் என்று யாராவது சொன்னால் அது வேதாகமத்துக்கு ஒத்துவராது.

அந்தக் காலத்தில் இது வாயில் புழங்கிய பெயர். போவாஸ் அறுவடைக்காரர்களுக்கு வணக்கம் சொல்வதே இந்தப் பெயரால்தான் (ரூத் 2:4). பழைய யூதாவின் கோட்டை நகரமான லாகீசில் 1935இல் தோண்டியெடுத்த பானையோட்டுக் கடிதங்கள், எருசலேம் விழுவதற்குச் சற்று முன், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மையால் எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்று இப்படித் தொடங்குகிறது: “என் ஆண்டவனுக்கு யாவே இன்றே, இன்றே சமாதானச் செய்தி கேட்கப்பண்ணுவாராக.” இங்கே ‘என் ஆண்டவன்’ மேலதிகாரி. அவரைப் பட்டத்தால் அழைத்துவிட்டு, கடவுளைப் பெயரால் அழைக்கிறார் எழுதியவர். உங்கள் அம்மா சொல்லும் மரியாதை அவருக்கும் தெரியும். அதை அவர் மனிதருக்கு வைத்திருந்தார்.

பிறகு ஏன் பெயர் வாயிலிருந்து விலகியது? ஒரே நாளில் யாரும் தடைபோடவில்லை. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு மறுபடி கட்டிய ஆலயம் நின்ற காலத்தில், அதாவது இரண்டாம் ஆலயக் காலத்தில், படிப்படியாக ஒதுங்கியது. சவக்கடல் ஓரம் கும்ரானில் வாழ்ந்த யூதச் சமூகத்தின் சட்டச் சுருளில் பெயரை உச்சரிப்பவருக்குத் தண்டனை உண்டு. அங்கே கிடைத்த சில சுருள்களில் அந்த இடத்தில் நான்கு புள்ளிகள் மட்டும் இருக்கும். சிலவற்றில் பெயர் மட்டும் பழைய எபிரெய எழுத்தில் தனித்து நிற்கும். எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வாதத்தில் பெயரை எழுதியபடியே சொன்னார்கள், வெளியூர்களில் மாற்றுச்சொல்லால் சொன்னார்கள் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் வாயிலிருந்து அந்தப் பெயர் வெளிவரும்போது பிராகாரத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. கி.பி. 70இல் ஆலயம் இடிந்தது. உரக்கச் சொல்வதற்கென்று இருந்த இடம் போனது.

சொல்வது நின்றதே தவிர மறதி வந்துவிடவில்லை. தோரா சுருள், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களின் சுருள், எழுதும் எழுத்தர், பெயரை எழுதும் முன் அதன் பரிசுத்தத்துக்காக எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது அரசனே வந்து வாழ்த்தினாலும் பதில் சொல்லக் கூடாது. வேறு சொல்லில் பிழை வந்தால் தோலைச் சுரண்டித் திருத்தலாம். இந்தப் பெயரைச் சுரண்ட முடியாது. பெயரைத் தவறான இடத்தில் எழுதிவிட்டால் அந்தத் தோல்தாளையே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். யூதர்கள் பெயரை மறைத்துவிட்டார்கள் என்று பேசுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதை ஓர் எழுத்தும் குறையாமல் நம் கையில் சேர்த்தவர்களே அவர்கள்தான்.

இனி யேகோவாவா, யாவேயா என்ற கேள்வி. எபிரெயத்தில் மெய்யெழுத்து மட்டும் எழுதுவதே பழைய வழக்கம். உயிரொலிக் குறிகளைத் திபேரியாவின் மசோரெத்துகள், அதாவது வேத பாடத்தைக் காத்துவந்த யூத அறிஞர்கள், பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் சேர்த்தார்கள். பெயர் வரும் இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்று வாசிக்க வேண்டும். அதை நினைவூட்ட, நான்கெழுத்தை அப்படியே விட்டுவிட்டு ‘அதோனாய்’ என்பதன் உயிரொலிகளை அதில் வைத்தார்கள். ‘ரூ. 50’ என்று எழுதியிருப்பதை ‘ஐம்பது ரூபாய்’ என்றுதானே வாசிக்கிறோம்? கண் ஒன்றைப் பார்க்கும், வாய் இன்னொன்றைச் சொல்லும். ‘அதோனாய்’ என்பதன் முதல் குற்றுயிரான ‘அ’, யோத்தின் கீழ் வரும்போது ‘எ’ போன்ற ஒலியாகிவிடும். அடுத்து ஓ, அதற்கடுத்து ஆ. இந்த ஏற்பாட்டை அறியாதவர் மெய்யையும் உயிரையும் சேர்த்து வாசித்தால் ‘யெஹோவா’ வரும். இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். 1530இல் வேதாகம மொழிபெயர்ப்பாளர் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் அதை அச்சிட்டார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி நம்மிடமும் வந்து சேர்ந்தது.

‘அதோனாய்’ என்ற சொல்லும் பெயரும் அடுத்தடுத்து வரும் இடங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? அதோனாய் அதோனாய் என்று இரண்டு தடவை வந்துவிடாமல் இருக்க, பெயருக்கு ‘ஏலோஹீம்’ என்பதன் உயிரொலிகளை வைத்தார்கள். ஒரே நான்கெழுத்துக்கு இடத்துக்கு இடம் உயிர் மாறுகிறது. குறிகள் பெயரின் சொந்த ஒலியைக் காட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

யாவே என்பது அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். அல்லேலூயாவின் கடைசி அசையில் ‘யா’ இருக்கிறது. சமாரியர்கள் ‘யாபே’ என்று சொல்வதாக 5ஆம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் கிரேக்கத்தில் எழுதிவைத்தார். ‘இரு’ என்ற வினையின் இலக்கணமும் ஒத்துவருகிறது. பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் முடிவு இது; எனக்கும் இதுவே சரி. ஆனால் இது ஆராய்ச்சியால் கிடைத்த முடிவு. ஒலிப்பதிவு யாரிடமும் இல்லை. துல்லியமான ஒலி இல்லாத ஜெபம் போய்ச் சேராது என்றால் இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருடைய ஜெபமும் சேரவில்லை என்றாகும். அதை நான் ஏற்க மாட்டேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி எதிலும் இந்த நான்கெழுத்து இல்லை. யோவேல் 2:32ஐ எடுத்தாளும்போது பவுல் எழுதுவதும் ‘கூரியோஸ்’, அதாவது கர்த்தர், என்றுதான் (ரோமர் 10:13). இரட்சிப்பைப் பற்றிய வசனத்திலேயே பட்டம் போதும் என்றிருக்க, ஜெபத்துக்குப் போதாதா?

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது தமிழ்ப் பதிப்புகளைப் பற்றிய விவரம். ஆங்கிலத்தில் பெயர் வரும் இடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வேறுபடுத்துவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லையே பிரித்தார்கள். வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதலின் பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்றால் நான்கெழுத்துப் பெயர், ‘ஆண்டவர்’ என்றால் அதோனாய், ‘தேவன்’ என்றால் ஏலோஹீம். ஏசாயா 6ஐத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் சிங்காசனத்தில் வீற்றிருப்பவர் ‘ஆண்டவர்’. மூன்றாம் வசனத்தில் சேராபீன்கள் பாடுவது ‘சேனைகளின் கர்த்தர்’. மூலத்திலும் அப்படியே இரண்டு வெவ்வேறு சொற்கள். எசேக்கியேலில் திரும்பத் திரும்ப வரும் ‘கர்த்தராகிய ஆண்டவர்’, மேலே சொன்ன ‘ஏலோஹீம்’ உயிர் வைத்த இடம்.

1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் கணக்கு மாறும். அங்கே ‘ஆண்டவர்’ என்பதுதான் பெயருக்கு நிற்கும், அதோனாய்க்கு ‘தலைவர்’. சங்கீதம் 110:1 பழைய திருப்புதலில் ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’. திருவிவிலியத்தில் ‘ஆண்டவர் என் தலைவரிடம்’. ஒரே கூட்டத்தில் இரண்டு பதிப்பும் கையில் இருந்தால், ஒருவருக்கு ‘ஆண்டவர்’ பட்டம், பக்கத்தில் இருப்பவருக்கு அதுவே பெயரின் இடம். பாதி வாக்குவாதம் இங்கேதான் பிறக்கிறது. எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்.

பழைய திருப்புதலில் பெயர் வெளிப்படையாக வரும் இடங்கள் சில உண்டு: யாத்திராகமம் 6:3, சங்கீதம் 68:4, 83:18, ஏசாயா 12:2, 26:4. கூடவே யேகோவாயீரே, யேகோவாநிசி போன்ற இடப்பெயர்களும் பலிபீடப் பெயர்களும். அவற்றைத் தயங்காமல் வாசியுங்கள்.

பட்டம் மட்டும் போதாத இடம் ஒன்றும் இருக்கிறது. 1 இராஜாக்கள் 18, எலியாவும் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளும் எதிரெதிரே நிற்கும் கர்மேல் மலை. ‘பாகால்’ என்ற சொல்லுக்கே எஜமான், உடையவன் என்றுதான் பொருள். அங்கே ‘ஆண்டவர்’ என்று கூப்பிட்டால் எந்த ஆண்டவர் என்ற கேள்வி வரும். அதனால்தான் எலியா, நீங்கள் உங்கள் தேவனின் நாமத்தைச் சொல்லுங்கள், நான் இந்த நாமத்தைச் சொல்கிறேன் என்று பெயர் வைத்துப் பந்தயம் கட்டுகிறார். அவருடைய பெயரின் பொருளே ‘என் தேவன் யா’ என்பது. கடைசியில் ஜனங்கள் போடும் கூச்சலும் அதே பொருள்தான். “கர்த்தரே தெய்வம்” என்று தமிழில் வாசிக்கும்போது இந்தச் சூடு தெரியாது. இந்த அதிகாரத்தை வாசிக்கும் முன், ‘இங்கே கர்த்தர் என்று வரும் இடமெல்லாம் மூலத்தில் ஒரு பெயர் நிற்கிறது, எதிரே நிற்பவனின் பெயருக்கு எஜமான் என்று அர்த்தம்’ என்று இரண்டு வரி சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓசியா 2:16இல் ‘என்னை இனிப் பாகாலி (என் எஜமான்) என்று சொல்லாதே’ என்று கடவுளே சொல்வதும் அப்போது விளங்கும்.

இடம் பார்த்துப் பேசுவதும் அவசியம். யூதர் ஒருவர் உடனிருந்தால் யேகோவா, யாவே இரண்டையும் தவிருங்கள். உரையாடலில் அவர்கள் ‘ஹஷேம்’, அதாவது ‘அந்தப் பெயர்’, என்பார்கள். நீங்கள் ஆண்டவர் என்று சொன்னால் போதும். கத்தோலிக்க வழிபாட்டில் பாட அழைத்தாலும் இதே கவனம் வேண்டும். வழிபாட்டிலும் பாடல்களிலும் நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கான் ஆயர் பேரவைகளுக்கு எழுதியிருக்கிறது. வகுப்பில் விளக்குவதற்கு அது தடையல்ல.

உங்கள் அம்மா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் அழைப்பு ‘எங்கள் பிதாவே’. முதல் வேண்டுதல் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’. கூப்பிடுவது உறவைச் சொல்லி, பெயரை நினைப்பது அதன் பரிசுத்தத்தை வேண்டி. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அம்மா ‘அப்பா பிதாவே’ என்று ஜெபித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ‘யேகோவா’ என்று ஜெபிக்கிற ஒரு பெண்ணையும் நிறுத்த வேண்டாம். அடுத்தவர் ஜெபத்தைத் திருத்துகிற பேச்சை மட்டும் உங்கள் கூட்டத்தில் அனுமதிக்காதீர்கள்.

சிறுவர் வகுப்புக்கு ஒரு பயிற்சி. கரும்பலகையில் ஏசாயா, எரேமியா, நெகேமியா, சகரியா, ஒபதியா என்று எழுதி, கடைசி எழுத்தை வட்டமிடச் சொல்லுங்கள். அது பெயரின் சுருக்கம். பிறகு யோவான், யோசுவா, யோனத்தான்: இங்கே முதலெழுத்தில் இருக்கிறது. யோவேலையும் எலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெயரின் சுருக்கமும், தேவன் என்று பொருள்படும் ‘ஏல்’ என்ற சொல்லும் முன்பின்னாக மாறி நிற்கும். ஆனால் ‘யா’, ‘யோ’ வரும் இடமெல்லாம் இப்படி இல்லை. மரியா மிரியாமிலிருந்து வந்தது. யோனா என்றால் புறா. யோபு, யோர்தான் இரண்டும் இதில் சேராது. யோசேப்பு ‘கூட்டித் தருவாராக’ என்ற வினை. பிள்ளைகள் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்; பதிலோடு போங்கள்.