ஸ்டிரைக்கில் இருப்பவருக்கு அன்எம்பிளாய்மென்ட் பணம் கிடைக்குமா?

"அமெரிக்காவில் ஸ்டிரைக் பண்ணினாலும் அரசு பணம் தருமாமே, நிஜமா? நம்ம ஊரில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான், ஆனால் எல்லா மாநிலத்திலும் இல்லை. வேலையில்லாதவர்களுக்குத் தரும் உதவித்தொகையைத்தான் இங்கே அன்எம்பிளாய்மென்ட் என்பார்கள், அதைத்தான் ஸ்டிரைக்கில் இருப்பவருக்கும் தருகிறார்கள். நியூயார்க், நியூஜெர்சியில் முன்பே உண்டு. நான் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் பக்கத்து ஆரிகனிலும் 2025இல் சட்டம் போட்டு 2026 ஜனவரியிலிருந்து நடைமுறை. கலிஃபோர்னியாவில் 2023இல் சட்டசபை தாண்டி வந்த மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார், இந்தப் பணம் தரும் நிதி ஏற்கெனவே கடனில் இருக்கிறது என்று.

2024 செப்டம்பர் 13, விமானம் செய்யும் போயிங் கம்பெனியில் ஸ்டிரைக் ஆரம்பித்த நாள். சுமார் 33,000 பேர். எங்கள் எதிர்வீட்டுக்காரரும் அதில் ஒருவர், ராத்திரி ஷிஃப்ட் மாதிரியே கிளம்பிப் போய், கேட்டுக்கு வெளியே பீப்பாயில் விறகு எரித்துக் குளிர் காய்ந்துகொண்டு நின்றுவிட்டு வருவார். யூனியன் தந்தது வாரம் 250 டாலர், அதுவும் மூன்றாவது வாரத்திலிருந்துதான். இந்த ஊர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? மனிதர் பகலில் காரை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார். நவம்பர் 4 வரை, 53 நாள்.

எங்கள் மாநிலத்துப் புதுச் சட்டம் அப்போதே இருந்திருந்தால்? ஸ்டிரைக் தொடங்கி இரண்டாவது ஞாயிறு வரை ஒன்றும் கிடையாது, அதற்கு மேல் ஒரு வாரம் காத்திருப்பு, அப்புறம்தான் பணம், அதிகபட்சம் ஆறு வாரம். என் கணக்குப்படி செப்டம்பர் 29இலிருந்து கடைசி வரை வந்திருக்கும். கையிருப்பு தீரட்டும், தானாக வருவார்கள் என்று நிர்வாகம் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். அந்தக் கணக்கு இனி கொஞ்சம் இடிக்கும். கம்பெனிக்காரர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்றால், இந்த நிதிக்கு இங்கே வரி கட்டுவதே அவர்கள்தான். எங்கள் காசிலேயே எங்களுக்கு எதிராக ஸ்டிரைக்கா என்கிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் நான் எதிர்வீட்டுக்காரர் பக்கம்தான்.

இந்தியாவில் கிடையாது. இ.எஸ்.ஐ.யில் அடல் பெயரில் இருக்கும் திட்டம் வேலை போனவர்களுக்கு, சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை. ஸ்டிரைக்கில் இருப்பவருக்கு வேலை போகவில்லையே. என் அப்பா கோயம்புத்தூரில் மில் வேலை. ஸ்டிரைக் நாட்களில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உதவித்தொகை மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு. அதிலும் அரிசி, பருப்பு மட்டும் எழுதுவார், காப்பித்தூளுக்குக் காசு.